பல்பு பளிச்சென்ற மூன்றாவது பாட்டு

தங்கை கடைக்குள் நுழைந்தபோது, குளவி என்று எல்லோரும் கூப்பிடும் அவள் அண்ணன் ஒரு நீரேற்று மோட்டாரின் வயிற்றைப் பிளந்து, கருகிய செம்புக் கம்பியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவள் கையில் ஒரு மேசை விசிறி. அதை அவன் முன்னால் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். குளவி இறக்கையை ஒரு விரலால் தட்டிவிட்டான். தடையில்லாமல் சுற்றியது. பிளக்கைச் சொருகினான். ஓடியது.

"இதுக்கு ஒண்ணும் இல்லையே."

"தெரியும். கையை வீசிக்கிட்டு அண்ணன் கடைக்குப் போறேன்னு சொன்னா அவர் விட்டிருப்பாரா?"

விசிறியை அவன் நிறுத்தவில்லை. அது இருவருக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்க, அவள் சொல்ல வந்ததைச் சொன்னாள். அவள் புருஷன் சரக்குக் கூடத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இந்த வாரக் கடைசியில் மேஸ்திரியிடம் போய், இனிமேல் கிரேனில் ஏறமாட்டேன், கேட்டில் காவலுக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லப் போகிறான். இப்போதே முதுகுவலி என்று சாக்குச் சொல்லி, தன் இருக்கையில் வேறொருவனை ஏற்றிவிட்டுக் கீழே நிற்கிறான். வீட்டில் சாப்பிடும்போது கையை மறைத்துக்கொள்கிறான். போன வாரம் டம்ளர் ஒன்று நழுவி விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல், சிந்திய தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

அவனுடைய அப்பாவுக்கு நடுக்கவாதம். அது முதலில் நடுக்கமாக வரவில்லை, தாமதமாக வந்தது. கூப்பிட்டால் திரும்புவதில் தாமதம், எடுத்து வைக்கும் காலில் தாமதம். நடுக்கம் அதற்குப் பிறகுதான். மகன் கூடவே இருந்து அத்தனையும் பார்த்தவன். டாக்டரிடம் போகலாம் என்றால் வரமாட்டேன் என்கிறான். பேர் வைத்துவிட்டால் அது நிஜமாகிவிடுமாம்.

"நீ அன்னைக்குப் போட்டுக் காட்டினியே ஒரு டேப்பு," என்றாள் தங்கை. "அது இன்னும் அவர் காதுல ஓடிக்கிட்டே இருக்கு. அதுல கேட்டது நிஜம்தானா அண்ணே? அதை மட்டும் சொல்லு. நிஜம்னா நானே அவரைக் கீழ இறக்கிடறேன். ஆளுங்க தலைக்கு மேல இரும்பு தொங்குது, விளையாட்டு இல்லை. நிஜம் இல்லைன்னா அவரை யாரும் இறக்க வேண்டாம்."

டேப்பு பொய் சொல்லாது என்று அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னவன் குளவிதான்.

"ரெண்டு நாள் குடு," என்றான்.

"ரெண்டு நாள்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு விசிறியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மோட்டார் காயில் கட்டுவது குளவியின் பிழைப்பு. யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, அதேபோல் சுற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டான். கிடாரையும் அப்படித்தான் பழகினான், ஆனால் பாட்டுக்கு வாசிக்கிற கிடார் இல்லை அது. தானே கட்டிய ஒலிபெருக்கியை அது அலறும்வரை திருகிவிட்டு, கிடாரை அதன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த அலறலை வளைப்பதும் ஒடிப்பதும்தான் வாசிப்பு. ஆயிரம் குளவிகளை ஒரு டின்னுக்குள் அடைத்துக் குலுக்கின மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னதில் ஒட்டிக்கொண்டது இந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

அவர்கள் மூன்று பேர். குளவி, பேஸ் கிடார் வாசிக்கிற ஊமை, டிரம்ஸ் அடிக்கிற கடிகாரம். ஊமைக்கு வாய் உண்டு, பேசமாட்டான், அவ்வளவுதான். மற்ற இருவரும் என்ன கூத்தடித்தாலும் நூல் பிசகாமல் அடிப்பவன் என்பதால் மூன்றாமவனுக்குக் கடிகாரம் என்று பெயர். தங்கை ஒருநாள் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள், மறுநாளும் கொண்டுவந்தாள், பாத்திரத்தில் கடிகாரத்துக்கும் சேர்த்தே சோறு இருப்பதைக் குளவி கவனித்தபோது விஷயம் கைமீறிப் போயிருந்தது. கடிகாரம் மாப்பிள்ளை ஆனான்.

வாசிப்பதற்கு அவர்களுக்கு வாய்த்த இடம் ஒரு சலவைக் கூடத்தின் அடித்தளம். மேலே ஓட்டல்களின் விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் மலைமலையாக வெளுத்துக் காயும். துணி உலர்த்தும் பெரிய உருளை ஒன்று சாயங்காலம் வேலை முடியும்வரை உறுமிக்கொண்டே இருக்கும். அது ஓடுகிறவரை அடித்தளத்தின் ஒற்றைப் பல்பு மங்கலாக எரியும். உருளையை நிறுத்தியதும் பல்பு பளிச்சென்று தெளியும். மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போய்விட்டார், இனி எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒத்திகை எப்போதும் ஒரே வரிசையில்தான். இரண்டு அடக்கமான பாட்டு. மூன்றாவது பாட்டின் நடுவில் பல்பு பளிச்சிடும். மூவரும் ஒரே குரலில் ஓவென்று கத்திவிட்டு மிச்சப் பாட்டைக் கூரை பெயர வாசிப்பார்கள். கோயில் மணி கேட்டுக் கும்பிடுகிறவர்களைப் போல அந்தப் பல்புக்குக் கத்திப் பழகியிருந்தார்கள்.

ஒத்திகைகளைக் குளவி ஒரு பழைய கேசட் ரெக்கார்டரில் பதிவு செய்வான். மோட்டாரின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் சின்னப் பலகை அதில் எரிந்துபோயிருந்தது. அந்தப் பலகை கிடைக்கவில்லை. குளவி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மோட்டாரை நேரடியாக மின்சாரத்தோடு இணைத்தான். ஓடியது. அந்தக் கைவேலையில் அவனுக்கு அசாத்தியப் பெருமை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேப்புகளை வீட்டில் போட்டுக் கேட்டபோது அது காதில் பட்டது. மூன்றாவது பாட்டின் நடுவிலிருந்து டிரம்ஸ் தளர்ந்தது. கொஞ்சம்தான். ஆனால் தளர்ந்தது தளர்ந்ததுதான், திரும்ப நிமிரவே இல்லை. வேறு நாள் டேப்பைப் போட்டான். அதே இடம், அதே தளர்ச்சி. கடிகாரத்திடம் சொன்னான். கடிகாரம் சிரித்தான், பிறகு கவனமாக அடித்தான், பிறகு வியர்க்க வியர்க்க அடித்தான். டேப்பு மாறவில்லை. கடைசியில் தங்கை வீட்டுக் கூடத்தில், ஊமையும் தங்கையும் இருக்கும்போதே குளவி டேப்பைப் போட்டுக் காட்டினான். ஆளைச் சொன்னால் கோபம் வரும், டேப்பைக் கேட்டுக்கொள், டேப்பு பொய் சொல்லாது என்றான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"கடிகாரம் மெதுவா ஓடினா சாவி குடுக்கணும். உனக்கு எங்க குடுக்கறதுன்னு தெரியலை, மாப்ளே."

கடிகாரம் டேப்பு முடியும்வரை கேட்டான். குச்சிகளை ஒரு துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் போட்டான். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அவனுக்குக் கோபம் என்றே குளவி நினைத்துக்கொண்டான். அது பயம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

டிரம்ஸ் இல்லாமல் போனதும் ஊமையும் வாயைத் திறந்து, நான் வரலை என்று இரண்டே சொல்லில் விலகிக்கொண்டான். குளவி தனித்து நின்றான். தளராத ஒரு தாளம் வேண்டும் என்ற வெறி மட்டும் அவனிடம் மிஞ்சியிருந்தது. மனிதக் கையை நம்பினால்தானே இந்தத் தொல்லை? பழைய கணினி ஒன்றும், தாளத்தைத் தட்டி வைத்தால் திரும்பத் திரும்ப அடிக்கிற பொத்தான் பெட்டி ஒன்றும் அவன் மேசைக்கு வந்தன. கிடார் மூலைக்குப் போனது. பெட்டியோடு முதன்முதலில் மேடை ஏறியபோது, பழைய ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேல்மாடியில துவைக்கிற மிஷினைக் கீழே இறக்கிட்டான்டா என்று ஒருவன் சொன்னது மேடைவரை கேட்டது. ஆனால் அடுத்தடுத்து வந்த புதுமுகங்கள் ஆடினார்கள். அவன் கிடாருக்கு யாரும் ஆடியதில்லை, தலையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இருந்தும் பெட்டியின் அடி அவனுக்குச் செத்த அடியாகத்தான் கேட்டது. தோல் அதிரும் அடி வேண்டும். எனவே பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றி, கடிகாரத்தின் அடிகளை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்துப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தான். ஆளை அனுப்பிவிட்டுக் கையை மட்டும் வைத்துக்கொள்வது. தங்கைக்கு அது தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது.

அவள் போன பிறகு குளவி கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். அறைக் கதவைத் தாழ்போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூன்றாவது பாட்டை ஓடவிட்டான். பல்பு பளிச்சிட்ட இடம் வந்தது. மூவரும் ஓவென்று கத்தினார்கள். தாளம் தளர்ந்தது. சந்தேகமே இல்லை. நிஜம்தான், அவரைக் கீழே இறக்கிவிடு என்று தங்கையிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதானா?

திரும்பவும் ஓடவிட்டான். இந்தத் தடவை காதில் விழுந்தது தாளம் அல்ல, ஒரு முனகல்.

மின்சாரத்தில் ஓடும் எந்தப் பெருக்கியும் அடியில் மெல்ல முனகும். அதைத் துடைத்தெடுக்கக் கணினியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. முனகலின் சுருதியைக் காட்டிக்கொடுத்தால் அதை மட்டும் உறிஞ்சிவிடும். எல்லா டேப்புகளிலும் அவன் அதைப் போட்டிருந்தான். இந்தப் பாட்டில் மட்டும் பாதிக்கு மேல் முனகல் திரும்பவும் தலைகாட்டியது. முன்பு நறுக்கும்போதும் இதைக் கண்டிருக்கிறான். கணினிக் கோளாறு என்று நினைத்து வடிகட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கி வேலையை முடித்துக்கொண்டான்.

கீழே இறக்கி.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். முனகல் எப்படிக் கீழே இறங்கும்? அது மின்சாரத்தின் குரல். விளக்கு மங்கினாலும் பளிச்சிட்டாலும் அதன் சுருதி மாறாது. ஊர் முழுக்க ஒரே சுருதி. காலமெல்லாம் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுருதி இறங்கியிருக்கிறது என்றால் இறங்கியது மின்சாரம் இல்லை, மாப்பிள்ளையின் கையும் இல்லை. டேப்பு.

மேலே உருளையை நிறுத்தினார்கள். மின்னழுத்தம் ஏறிப் பல்பு பளிச்சிட்டது. பல்புக்கு ஏறிய அழுத்தம் ரெக்கார்டருக்கும்தான் ஏறியது. கட்டுப்படுத்தும் பலகை இருந்திருந்தால் அது தடுத்திருக்கும். அதைத்தான் பெருமையோடு பிடுங்கிப் போட்டாயிற்றே. மோட்டார் வேகமெடுத்தது, அதே நேரத்துப் பாட்டுக்கு அதிக நீள நாடா ஓடிப் பதிந்தது. வீட்டில் ஒரே சீராக ஓடவிட்டால் அந்த நீள நாடா கடந்து தீரக் கூடுதல் நேரம் ஆகும். பாட்டு தளரும். எல்லாமே சேர்ந்து தளரும், சுருதியும் இறங்கும். முறையாகப் பாடுகிற ஒரு கச்சேரியாக இருந்திருந்தால் முதல் நாளே பாடகியின் குரல் தொய்வதைக் கேட்டு டேப்பு சரியில்லை என்று குழந்தைகூடச் சொல்லியிருக்கும். இவர்கள் வாசித்ததோ அலறல். அலறலுக்கு ஏது சுருதி? அது கால் சுருதி இறங்கினதை எந்தக் காது கண்டுபிடிக்கும்? அந்த இரைச்சலில் அளவு மாறாத ஒரே பொருள் டிரம்ஸ்தான். அதனால் பழியும் அதன்மேல்தான் விழுந்தது.

முனகலை நூலாகப் பிடித்துக்கொண்டு, அது முதலிலிருந்து கடைசிவரை ஒரே மட்டத்தில் நிற்கும்படி பாட்டைக் கணினியில் நிமிர்த்தினான். பக்கத்தில் பெட்டியின் தளராத தாளத்தை ஓடவிட்டு இரண்டையும் சேர்த்துக் கேட்டான். கடிகாரத்தின் அடி அதோடு தோளோடு தோள் நடந்தது. கத்தினபோதும், கூரை பெயர்ந்தபோதும் பிசகவில்லை. பிசகினது ஒரே ஒரு ஆள். பல்பு பளிச்சிட்டதும் குஷியில் முந்திக்கொண்டு ஓடியது குளவியின் கிடார்.

மறுநாள் காலை உணவு இடைவேளையில் சரக்குக் கூடத்து வாசலில் நின்றான். மாப்பிள்ளை தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி குழாயடிக்கு வந்தவன் இவனைப் பார்த்து நின்றான்.

"விசிறி ரிப்பேரா, மச்சான்?" என்றான். தங்கையின் சாக்கு அவனிடம் செல்லவில்லை என்று தெரிந்தது.

குளவி சுற்றி வளைக்கவில்லை. டேப்பு தப்பு என்றான். உருளை, பல்பு, பலகை, முனகல் எல்லாவற்றையும் சொன்னான். நறுக்கின அடிகளையும் சொன்னான். ஹெட்போனை நீட்டினான். மாப்பிள்ளை அதை மாட்டிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி பாட்டு முழுவதையும் கேட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றித் திருப்பிக் கொடுத்தான்.

"டேப்பு சரின்னு சொன்னப்பவும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னே. இப்பத் தப்புன்னும் அதே வாயாலதான் சொல்றே. எந்தக் குளவியை நான் நம்பறது?"

"எதையும் நம்பாதே. டேப்பு பொய்யின்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியும். உன் கையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதை டாக்டர்கிட்டக் காட்டு."

"அப்ப டம்ளர் நழுவினது?"

"எனக்குந்தான் தினம் ஏதாவது நழுவுது. நான் கணக்கு வச்சுக்கறதில்லை. நீ வச்சே. வைக்க வச்சது நான்."

மாப்பிள்ளை குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான். அன்று மத்தியானம் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தங்கை முன்னே நடக்க, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகப்படுகிற பையனைப் போல அவள் பின்னால் டாக்டரிடம் போனான்.

டாக்டர் மூக்கைத் தொடச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், நடந்து திரும்பச் சொன்னார். இப்போதைக்கு அந்த நோயின் சாயல் எதுவும் இல்லை, தூக்கம்தான் இல்லை என்றார். மறுநாள் காலை மாப்பிள்ளை அதைப் போய் மேஸ்திரியிடம் சொன்னான். மேஸ்திரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முதுகுவலிக்காரன் குனிந்து செருப்பு மாட்டுவதை அவர் பார்க்காதவரா? டாக்டர் சொன்னது டாக்டருக்கு. எனக்கு ஒரு சரக்கு இறக்கிக் காட்டு, இல்லைன்னா கேட்டுக்கே போ என்றார்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிரேனில் புதிதாக ஏறுகிறவன், இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றைத் தூக்கி லாரியில் இறக்க வேண்டும். லாரி டிரைவர் பின்னால் திரும்பாமல் தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பான். சரக்கு உட்கார்ந்தது அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தோல்வி. இத்தனை காலம் மற்றவர்களுக்கு அந்தச் சோதனையை வைத்தவன் மாப்பிள்ளை. அவனுக்கே வைப்பதைப் பார்க்க எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடினார்கள். தங்கை வரவில்லை, நான் நின்னா அவர் என்னைத்தான் பார்ப்பாரு என்று சொல்லிவிட்டாள். ஆட்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு வெளியே குளவி நின்றான்.

குழாய்க்கட்டு எழும்பியது. குளவி அதைப் பார்க்கவில்லை. கிரேனின் மோட்டாரைக் கேட்டான். ஏறும்போது ஒரு குரல், நகரும்போது ஒரு குரல். லாரிக்கு நேராக வந்ததும் கட்டின் ஒரு முனை மெல்ல அசைந்தது. காற்றா, கையா? மோட்டார் நின்றுவிட்டது. பாதி ஆகாயத்தில் இரும்பு தொங்கியது. பக்கத்தில் ஒருவன் போச்சு என்று முணுமுணுத்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் மாப்பிள்ளையின் தலை அசையவில்லை. இரும்பு தானாக ஆடி, ஆடி, அடங்கட்டும் என்று அவன் காத்திருக்கிறான் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. டிரம்ஸிலும் இப்படித்தான், இவர்கள் அலறி ஓயும்வரை குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி இருப்பான்.

மோட்டார் திரும்பக் குரல் கொடுத்தது. கட்டு இறங்கியது. வாழ்நாள் முழுக்கச் சத்தத்தைத் தேடி அலைந்தவன், ஒரு சத்தம் வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கயிறு தளர்ந்தது. கொக்கி தொங்கியது.

மேஸ்திரி லாரியின் முன்பக்கம் போய்க் கதவைத் தட்டினார். "என்னப்பா?"

டிரைவர் கொட்டாவி விட்டான். "எவ்வளவு நேரம்தான் உட்காந்திருக்கறது? எப்ப ஏத்தப் போறீங்க?"

கூட்டத்தில் யாரோ ஒருவன் விசிலடித்தான். மேஸ்திரி மேலே பார்த்து, அடுத்த கட்டைத் தூக்கும்படி கையைக் காட்டினார். வேலை தொடர்ந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை ஏணியில் இறங்கி வந்தபோது குளவி அதே இடத்தில் நின்றிருந்தான். மாப்பிள்ளை அவனைத் தாண்டிப் போய், பிறகு நின்றான். திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"அந்த ரெக்கார்டர் இருக்கா?"

"இருக்கு."

"தூக்கிப் போட்டுடாதே. நான்தான் உடைக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை குளவி அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான். கொல்லையில் ஒரு கல்லின்மேல் வைத்தார்கள். மாப்பிள்ளை சுத்தியலோடு வந்தான். குளவியின் கை பழக்கதோஷத்தில் சட்டைப்பைக்குப் போய் ஒலிவாங்கியை வெளியே எடுத்துவிட்டது.

"இதைப் பதிவு பண்ணினா, அடுத்த அடி உன் பெட்டிக்கு," என்றான் மாப்பிள்ளை.

குளவி அதைத் திரும்பப் பைக்குள் போட்டான். தங்கை படியில் உட்கார்ந்து விசிறியின் வலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் விழுந்தது. மூடி பிளந்தது, சக்கரம் தெறித்தது, குளவி தன் கையால் இணைத்த கம்பி அறுந்து சுருண்டது. மாப்பிள்ளை அவசரப்படவில்லை. ஓங்குவான், விழும், ஓங்குவான், விழும். குளவி மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்றான். ஒரு அடியும் பிந்தவில்லை.